அரிசி நனையவில்லை

கடைசியாக ஒரு கூட்டத்தோடு மலைக்கோ காட்டுக்கோ போனீர்களே, அன்றைக்கு உங்கள் சோற்றுப் பானையைச் சுமந்து வந்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்று சொல்ல முடியுமா? பெயரைக் கேட்கவில்லை, அது உங்களுக்குத் தெரியாது. உடுப்பை மட்டும்தான் கேட்கிறேன். அருவியைப் படம் எடுத்தீர்கள், மேகத்தைப் படம் எடுத்தீர்கள், இலையில் உட்கார்ந்த பூச்சியைக்கூட விடவில்லை. ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கையாவது விழுந்திருக்கும். தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையா? அப்படியென்றால் எங்கள் தெருவில் நடந்ததைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எங்கள் தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே, ஒரு அறையும் ஒரு சமையல்கட்டுமாகக் குடியிருக்கிறவரை நாங்கள் ஸ்டோரக்கா என்போம். ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கிறது மலை. அதில் ஏறி இறங்கி மனசை லேசாக்கிக்கொள்வதற்காக ஊரின் வசதியுள்ளவர்கள் சேர்ந்து இயற்கை நடைக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் அலுவலகத்துக்கு அடியில், முன்பு கார் நிறுத்திய இடத்தில், ஸ்டோர் ரூம். கூடாரம், முதுகுப்பை, கம்பளி, மழைக்கோட்டு எல்லாம் அங்கே ஆணியில் தொங்கும். சன்னல் கிடையாது, கதவைத் திறந்து வைத்தால்தான் வெளிச்சம். ரப்பர் வாடையும் பூஞ்சை வாடையும் எந்நேரமும் கலந்தே இருக்கும். கிழிந்ததைத் தைப்பது, ஈரத்தைக் காயவைப்பது, பயணத்துக்கு முன் ஒவ்வொருவர் பையையும் கட்டித் தருவது அக்காவின் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சட்டைக் கம்பெனியில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவர். அந்தக் கை மழைக்கோட்டுக்கும் ஒத்துவந்தது.

இந்த ஊர் வானத்துக்கு நிலையான புத்தி கிடையாது. பல் துலக்கும்போது வெயில் அடிக்கும். டீ குடிக்கும்போது மூட்டம் போடும். மத்தியானம் ஆலங்கட்டி விழும். சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி நீலமாகச் சிரிக்கும். அதனால் அக்கா எந்தப் பையையும் ஒரு காலத்துக்கென்று கட்ட மாட்டார். பைக்குள் முதலில் ஒரு தடித்த பாலிதீன் பை. அதற்குள் அடியில் கம்பளி, அதன்மேல் மாற்றுத் துணி, ஸ்வெட்டர், வெயில் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு.

"பையைத் திறந்தா முதல்ல கைக்கு வர்றது கோட்டா இருக்கணும். மழை வந்தப்புறம் தேடினா, தேடி முடிக்கிறதுக்குள்ள பைக்குள்ளயே மழை பெஞ்சிடும்" என்பார்.

கோட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். கையிரண்டையும் முடிச்சுப் போட்டு, கோட்டோடு சேர்ந்த தலைமூடிவழியாக உள்ளே தண்ணீரை ஊற்றி, பல்புக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். வெளிப்பக்கம் எங்கே நீர் கசிந்து முத்து கட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். பிறகு தையல், தையலுக்கு மேல் ஒட்டு. அவருடைய வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "நமக்குப் புள்ளை இல்லாத குறையே இல்ல. வாராவாரம் எத்தனை பேருக்குத் தலைக்கு ஊத்துறா பாரு" என்பார். அக்காவுக்குக் கோபம் வரும். அப்புறம் சிரிப்பும் வரும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இத்தனை காலம் பை கட்டிய அக்கா ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு அடுப்பண்ணன் என்று பெயர். அடுப்பு, சிலிண்டர், பானைகள், அரிசி மூட்டை எல்லாவற்றையும் இரும்புச் சட்டத்தில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு குழுவுக்குப் பின்னாலேயே மலை ஏறுவார். தங்குமிடத்தில் இறக்கி வைத்து, சமைத்துப் போட்டு, கழுவிக் கட்டி மறுபடி சுமந்து இறங்குவார். குழுவின் பேச்சில் அந்தச் சுமைக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே சொல்: சாமான். "சாமான் வந்தாச்சா?" என்றால் அடுப்பண்ணன் வந்துவிட்டாரா என்று அர்த்தம். "சாமான் பின்னால வருது" என்றால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். "எங்கப்பா ராத்திரி பகலா யோசிச்சு எனக்கு ஒரு பேரு வச்சாரு. வீணாப் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தெரியவில்லை.

போன வருஷம் அவர் செத்துப்போனார். எப்படி என்று சொல்கிறேன். நல்ல வெயிலில் கிளம்பினார்கள். மேட்டைத் தாண்டும்போது வானம் ஒரு நிமிஷத்தில் புரண்டது. மழை, அதற்கு மேல் ஆலங்கட்டி, அதற்கு மேல் காற்று. உறுப்பினர்கள் பையைத் திறந்தார்கள். அக்கா வைத்தபடி முதலில் கைக்கு வந்தது கோட்டு. போட்டுக்கொண்டு தங்குமிடத்துக்கு ஓடினார்கள். அடுப்பண்ணனிடம் இருந்தது ஒரு தார்ப்பாய். அதை அவர் சுமைக்கு மேலே இழுத்துக் கட்டினார். உணவுப் பொருள் நனையக் கூடாது என்பது குழுவின் கண்டிப்பு. அவர் உடம்பில் சட்டையும் ஒரு பழைய ஸ்வெட்டரும்.

எல்லாரும் போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்து அவர் வந்தார். கால் பின்னியது. நாக்குக் குழறியது. கேட்டது ஒன்று, சொன்னது வேறு. ரத்தம் குளிர்ந்துபோனால் மனுஷன் அப்படித்தான் ஆவான்; எந்த முதலுதவிப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். "மூக்கு முட்டக் குடிச்சிருக்கான்" என்று முடிவு செய்தார்கள். ஆயுசில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷனை, தெளியட்டும் என்று வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். மூட்டையைப் பிரித்து அவர்களே சமைத்துக்கொண்டார்கள். அரிசி நனையவே இல்லை. விடிந்து பார்த்தபோது அவர் விறைத்திருந்தார்.

துக்கம் கேட்கக் குழுவின் செயலாளர் வந்தார். பல் டாக்டர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழைகளுக்குப் பல் பிடுங்கக் குறைவாக வாங்குகிறவர். ஒரே ஒரு பிடிவாதம் உண்டு, ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசுவார். முதுகுப்பை, மழையங்கி, பல்தூரிகை. தூரிகை என்று கேட்டதும் பெயின்ட் கடையைத் தேடிப் போன நோயாளிகள் உண்டு என்று ஊரில் கேலி. அவர் அக்காவின் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்லா விசாரிச்சுப் பார்த்துட்டோம்மா. எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கு. மனசைத் தேத்திக்கோங்க" என்றார்.

அக்கா தலையாட்டினார். அங்கே கூடியிருந்த பெண்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டாக்டர், மருத்துவம் படித்தவர், சாவு வீட்டில் வந்து விதி என்கிறாரே! அவர் போனபிறகு அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"விதின்னு ஒண்ணு கிடையாது அக்கா. குளிர் இருக்கு, மழை இருக்கு, கோட்டு இருக்கு. கோட்டு இல்லாததால செத்தார்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு வாதம். படிச்ச டாக்டரே விதின்னு சொல்றாரு. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

"படிச்சவன் சொன்னா பொய் உண்மையாயிடுமா?"

"எனக்கு அப்படி நினைச்சாத்தான் தூக்கம் வருது. விடேன்."

விதி என்ற சொல் ஒரு நல்ல போர்வை. குளிருகிறவருக்கு அதை யார் போர்த்திவிட்டாலும் பிடித்துக்கொள்வார். குளிர வைத்தவனே போர்த்தினாலும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அக்கா ஒரு வருஷம் பல்லைக் கடித்து ஓட்டினார். அதே ஸ்டோர் ரூமுக்குப் போனார். அதே கோட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். "அவர் நேரம் முடிஞ்சிருச்சு. நான் கட்டின கோட்டு ஒண்ணும் ஒழுகல" என்று யாராவது கேட்டால் சொல்வார்.

அடுப்பண்ணனுக்கு ஒரு தம்பி. வெல்டிங் பட்டறையில் இருந்தவன். பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு எதுவும் கிடைக்காமல் அலைந்துவிட்டு, கடைசியில் அண்ணனுடைய இரும்புச் சட்டத்தை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டான். குழு அவனுக்கு உடனே சின்ன அடுப்பு என்று பெயர் வைத்துவிட்டது. அக்காவின் வீட்டுக்கு ஒரு பக்கத்து அறையில் அவன், மறுபக்கத்து அறையில் நான். சாப்பாடு அண்ணி கையால்.

அவனுக்கு அது முதல் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டோர் ரூமில் நடந்ததை அக்காவும் சொன்னார், கொழுந்தனும் தனியாகச் சொன்னான். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. பைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. குழுவில் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர் உண்டு. பயண ஏற்பாடு அவர் பொறுப்பு. வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு ஆப் வச்சிருக்கேம்மா. ஒண்ணு வெயிலுங்குது, ஒண்ணு மழைங்குது, ஒண்ணு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. என் சம்பந்தி வீடு மாதிரியே, ஒரு வார்த்தை உருப்படியா வராது."

"மூணுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன் சார்" என்றார் அக்கா.

"கையுறை?"

"இருக்கு."

"கூலிங் கிளாஸ்?"

"அதுவும் இருக்கு, சைடு பாக்கெட்ல."

"நீங்க இல்லேன்னா எங்க பாடு திண்டாட்டம்தான்."

கொழுந்தன் சட்டத்தில் பானைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஆங், சாமான் ரெடி" என்றார் கான்ட்ராக்டர். அக்கா தார்ப்பாயை விரித்துப் பார்த்தார். ஒரு மூலை பிய்ந்திருந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார். அதே மாதிரி சட்டை. அதே மாதிரி ஸ்வெட்டர். அண்ணனுடையதுதான், அளவு மட்டும் பெரிது. அக்கா போய், ஆணியில் உபரியாகத் தொங்கிய ஒரு கோட்டை எடுத்து வந்து பானைக்கு மேலே வைத்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார்.

"அது வேண்டாம்மா. எடுத்த இடத்துலயே மாட்டிடுங்க."

"சும்மாதான் சார் தொங்குது. யாரும் போடப் போறதில்ல."

"விருந்தினர் வந்தா?"

"நாளைக்கு விருந்தினர் யாரும் வரலியே."

"வரலைங்கிறது வேற விஷயம். விதியில இடமில்லம்மா. மழையங்கி உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் மட்டும்தான். பணியாளுக்குக் கிடையாது."

அக்காவுக்குப் புரியவில்லை. "விதியிலயா? அதை நீங்க எப்படி சார் பார்த்தீங்க?"

"பார்க்கிறது என்னம்மா, நான்தானே எழுதினேன்."

அக்கா விழித்தார். கான்ட்ராக்டர் சிரித்துவிட்டார். "டாக்டருக்கு ரூல்ஸுன்னு சொன்னா வாய் வெந்துடும்மா. ரூல்ஸைத்தான் விதிங்கிறாரு. கிளப் ரூல்ஸ்."

அக்கா பானைமேல் கோட்டில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாராம். கொழுந்தன், "அண்ணி முகத்துல ரத்தமே இல்ல. விழுந்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"போன வருஷம் எங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்களே சார்" என்றார் அக்கா. "எல்லாம் விதிப்படி நடந்திருக்குன்னு. அதுவும் இந்த விதிதானா?"

"வேற எந்த விதிம்மா?" என்றார் டாக்டர். நிஜமாகவே அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. குழுவின் மேல் குற்றமில்லை, எல்லாம் விதிமுறைப்படி சரியாக நடந்தது என்று ஒரு விதவையிடம் போய் விளக்கம் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அதை ஆறுதல் என்று நாங்கள்தான் எடுத்துக்கொண்டோம். ஒரு வருஷமாக அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. என்னைவிட அறிவு தெளிந்தவர். யாருக்குக் கோட்டு, யாருக்கு இல்லை என்று உட்கார்ந்து யோசித்து, நல்ல தமிழில் எழுதி வைத்தவர்.

"தலையில எழுதினதுன்னு நினைச்சேன் சார்" என்றார் அக்கா. "பேப்பர்ல எழுதினதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேப்பர்னா அழிச்சு எழுதலாமே சார்?"

"எழுதலாம்மா. பொதுக்குழு கூடி முடிவெடுக்கணும்."

"எப்ப கூடும்?"

"ஆண்டுக்கு ஒரு தடவைதான். இந்த ஆண்டு முடிஞ்சுது."

"மழை நாளைக்கு வருதே சார்."

கான்ட்ராக்டர் குறுக்கே வந்தார். "விடும்மா. பையன் இளவட்டம். தாங்குவான்."

"அவரும் தாங்குவார்னுதான் சொன்னீங்க."

"இப்ப என்ன பண்ணச் சொல்றே? சாமானுக்கெல்லாம் கோட்டு போட்டா, அப்புறம் பூட்ஸ் கேப்பாங்க, கையுறை கேப்பாங்க…"

"பானைக்குத் தார்ப்பாய் போடுறீங்களே சார், அதுவும் சாமான்தானே?"

அக்கா சுவரோரமாகப் போனார். முதல் பையின் வாரை அவிழ்த்தார். மேலே இருந்த மழைக்கோட்டை எடுத்துத் தரையில் போட்டார். அடுத்த பை. அடுத்த கோட்டு. சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வழக்கமாகப் பை கட்டுகிற அதே நிதானத்தோடு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே போனார். "என்னம்மா பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, "விதியைக் கொஞ்சம் சமமாக்கிப் பார்க்கிறேன் சார். ஒருத்தருக்கு இல்லேன்னா யாருக்கும் வேண்டாம்" என்றார்.

டாக்டர் கை நீட்டினார். "சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கம்மா. உடம்பு சரியில்ல உங்களுக்கு."

இதில் என்னைச் சுட்டது கான்ட்ராக்டரோ டாக்டரோ இல்லை. தரையில் கிடந்த கோட்டுகளைக் குனிந்து பொறுக்கி, தூசி தட்டி, அந்தந்தப் பையில் திரும்ப வைத்தது யார் தெரியுமா? கொழுந்தன். பானைமேல் இருந்த உபரிக் கோட்டையும் அவனே கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். வேலை போய்விடும் என்கிற பயம் ஒரு மனுஷனை எவ்வளவு பணிவாகக் குனிய வைக்கிறது!

வீட்டுக்கு வந்து இருவருக்கும் வாக்குவாதம். மாடிப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

"போகாத தம்பி. நான் சொல்றேன்ல, போகாத."

"நீங்க கோவத்துல சாவியைக் குடுத்துட்டீங்க அண்ணி. நானும் வேலையைக் குடுத்துட்டு வந்தா, ரெண்டு பேரும் உக்காந்து கோவத்தையா சாப்பிடுறது?"

"பட்டினி கிடந்தா சாக மாட்டோம்."

"யாரு சொன்னா?"

அக்கா தட்டைத் தரையில் ணங்கென்று வைத்த சத்தம் கேட்டது.

"நாளைக்கு வெயில்தான் அண்ணி. வானத்தைப் பாருங்க, எப்படி வெளுத்திருக்கு."

"உங்கண்ணனும் வெயில்லதான் கிளம்பினார்."

அக்கா போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். கோட்டுகளுக்கு ஒட்டுப் போட என்று உடைந்த குடைகளின் துணியைச் சேர்த்து வைப்பது அவர் வழக்கம். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மூட்டையை இழுத்தார். கறுப்பு, கருநீலம், யாரோ ஒரு பெண்ணின் பூப்போட்ட குடை. முக்கோணம் முக்கோணமாக இருந்த துண்டுகளை ஒன்றோடொன்று மடித்துத் தைத்தார். தையல் மேலெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்து எடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஒரு கோட்டு எழுந்து நின்றது. தலைமூடியும் இருந்தது. கையை முடிச்சுப் போட்டுத் தண்ணீர் ஊற்றி என்னையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். ஒரு முத்துக்கூடக் கட்டவில்லை.

கொழுந்தன் போட்டுப் பார்த்தான். முதுகில் பூக்கள். "சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கேன் அண்ணி."

"உயிரோட இருக்கிற கோமாளியா இரு."

அவன் சிரித்தான். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். காலையில் அந்தக் கோட்டைப் பானைக் கட்டுக்கு மேலே செருகிக்கொண்டு கிளம்பினான். அக்கா படியில் நின்று தெரு முனைவரை பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் மலை மறைந்துவிட்டது. இருந்த இடத்தில் ஒரு சாம்பல் சுவர். ஊரில் ஒரு துளி இல்லை. மேலே என்ன நடக்கிறது என்று தெரியவும் வழியில்லை. அக்கா அன்று முழுக்கச் சமைக்கவில்லை. மெஷினில் எதுவும் இல்லாமலே மிதியைச் சும்மா மிதித்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறி இறங்கியது. "அந்தக் கோட்டு தாங்கும். அந்தக் கோட்டு தாங்கும்" என்று நடுநடுவே சொன்னார். எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. விதி கைவிட்டுப்போன அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள அந்தக் குடைத்துணிதான் மிச்சம்.

அவன் திரும்பி வந்தான். உயிரோடுதான் வந்தான். வண்டியிலிருந்து இறங்கிய கான்ட்ராக்டர் தெருவே கேட்கச் சொன்னார்: "பார்த்தியாம்மா? ஆலங்கட்டி போடு போடுன்னு போட்டுச்சு. பையன் கல்லு மாதிரி வந்து நின்னான். வீணா எவ்வளவு ரகளை பண்ணே!"

செத்தால் விதி. பிழைத்தால், பார்த்தாயா, கோட்டே தேவையில்லை. இரண்டு பக்கமும் அவர்களுக்கே லாபம் வருகிற இந்த மாதிரிக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஆனால் அக்கா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கோட்டு காப்பாற்றிவிட்டது என்ற நிம்மதியில் அதை வாங்கி உதறினார். தலைமூடிக்குள்ளிருந்து அரிசி கொட்டியது. படியெல்லாம் வெள்ளையாகச் சிதறி, தாவித் தாவிக் கீழே இறங்கியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். உதடு இன்னும் கறுத்திருந்தது.

"எடுத்துப் போட்டேன் அண்ணி. 'என்னடா, குடைக்கடை நடந்து வருது'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அதுகூடப் பரவாயில்ல. தார்ப்பாய் மூலை மொத்தமா கிழிஞ்சுபோச்சு, மூட்டைக்குள்ள தண்ணி இறங்க ஆரம்பிச்சிருச்சு. அதனால கழட்டி மூட்டைக்குப் போட்டுட்டேன்."

"மூட்டைக்கா?"

"அரிசி நனைஞ்சா என்னைத் திட்டுவாங்க அண்ணி. நான் நனைஞ்சா யாரு யாரைத் திட்டப் போறாங்க?"

அக்கா அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையால் அவன் தலையைத் துவட்டினார். அன்றைக்குத் தொடங்கிய இருமல் அவனை இன்னும் விடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. இருமல் நடுவில் நிற்கும்போதெல்லாம் தன் அறையில் அக்கா எழுந்து உட்காருவதும் கேட்கிறது.

டாக்டரிடம் நானே போனேன். மரியாதையாகவே பேசினார். "நீங்க உறுப்பினர் இல்லையே, உங்க கோரிக்கையைப் பொதுக்குழுவில் வைக்க விதியில இடமில்ல" என்றார். உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டால் வைக்கலாமாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறதாம். அடுத்த பயணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பைகளை இனி அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும், சாமானுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். இந்தக் குழுவோ இன்னொரு குழுவோ, ஏதோ ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருப்பீர்கள். எழுந்து நின்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. பொதுக்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். சுமை தூக்குகிறவரின் கட்டை நீங்களே பிரித்துப் பாருங்கள். அவருக்கென்று ஒரு கோட்டும், கோட்டைக் கழற்றிச் சுமைக்குப் போட வேண்டிய அவசியமில்லாதபடி ஒரு கிழியாத தார்ப்பாயும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி, அந்த வண்டியைக் கிளம்ப விடாதீர்கள். குறுக்கே நில்லுங்கள்.